எலைசா லூக்கசின் மடல் ஏடும் எழுதப்படாத குரல்களும்

பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்க நிலக்கிழார் குடும்பங்களின் அன்றாட வாழ்வை அறிய அவர்தம் மடல்கள் முதன்மைச் சான்றுகளாகும். அவற்றுள் தென் கரோலினாவில் வாழ்ந்த எலைசா லூக்கஸ் பிங்க்னியின் (1722–1793) மடல் ஏடு குறிப்பிடத்தக்கது. தாம் அனுப்பிய மடல்களின் படிகளையும் சுருக்கங்களையும் 1739 முதல் அவர் அதில் எழுதிவைத்தார். அவ்வாண்டில் தந்தை படைப்பணியின்பொருட்டு ஆன்டிகுவாவுக்குத் திரும்பவே, வாப்பூ உள்ளிட்ட மூன்று பண்ணைகளின் பொறுப்பு 16 வயது மகளைச் சேர்ந்தது.

1742 அளவில் தோழி ஒருவருக்கு வரைந்த மடலில் தம் நாளொழுங்கை அவர் விவரிக்கிறார். காலை 5 மணிக்கு எழுந்து 7 வரை படித்தல். வயலில் உலாவிப் பணியாளர் வேலையில் உள்ளனரா எனப் பார்த்தல். உணவுக்குப்பின் இசையும் பிரெஞ்சும். பின்னர்த் தங்கையோடு இரு கறுப்பினச் சிறுமியர்க்கும் படிக்கக் கற்பித்தல். அச்சிறுமியரைப் பிற அடிமைக் குழந்தைகளுக்கு ஆசிரியராக்குவதும் அவர் எண்ணமாக இருந்தது.

‘பணியாளர்’ என்னும் மென்சொல் இங்கு அடிமைகளையே சுட்டுகிறது. 1740ஆம் ஆண்டுச் சட்டமோ, அடிமைக்கு எழுதக் கற்பிப்போர்க்கு 100 பவுண்டு தண்டம் விதித்தது. படிக்கக் கற்பித்தலை அது தடுக்கவில்லை. ஆகவே அச்சிறுமியர் பிறர் எழுதியதைப் படிக்கலாம். தம் வாழ்வைத் தாமே எழுத வழியில்லை. அவுரிச் சாயத் தொழிலின் வெற்றி எலைசாவின் பெயரால் நிலைத்தது. அவுரியை ஊறவைத்துச் சாயம் எடுத்தோரின் குரலோ அவ்வேட்டில் இல்லை.

இம்மௌனம் தற்செயலானதன்று, சட்டத்தால் ஆக்கப்பட்டது. எனவே குடும்ப மடல்களைச் சொத்துப் பட்டியல்கள், தப்பியோடிய அடிமைகளைத் தேடும் விளம்பரங்கள் ஆகியவற்றோடு இணைத்துப் படித்தலே வரலாற்று ஆய்வாளர்க்கு முறையாகும்.