18 ஆண்டுகள் தங்கிய விருந்தாளி

ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் அபினியையும் சேர்த்தே பேசுகிறோம். 'குப்ளா கான்' கனவில் பிறந்த கதையைச் சொல்லி வியக்கிறோம். அந்தப் பழக்கத்தோடு அவரைத் தாங்கிக்கொண்டவர்கள் பட்ட பாட்டை அந்த அளவுக்கு நாம் பேசியதில்லை. அவர்களைச் சற்றே நினைத்துப் பார்ப்போம்.

அக்கால இங்கிலாந்தில் அபினி தடைசெய்யப்பட்ட பொருள் அன்று. அதைச் சாராயத்தில் கரைத்த 'லாடனம்' என்னும் மருந்து கடைகளில் தாராளமாகக் கிடைத்தது. விற்பனைக்குச் சட்டக் கட்டுப்பாடு வந்ததே 1868-இல்தான். கோல்ரிட்ஜும் உடல்வலிக்காகவே அதனை நாடினார். பின்னர் அதிலிருந்து மீள இயலவில்லை.

1810-இல் லண்டனில் பாசில் மாண்டேகு என்னும் நண்பர் அவரைத் தம் வீட்டில் தங்கவைக்க முன்வந்தார். கோல்ரிட்ஜின் பழக்கங்களைக் குறித்து வேர்ட்ஸ்வொர்த் மாண்டேகுவைத் தனியே எச்சரித்தார். எச்சரிக்கையில் நியாயம் இருந்தது. ஆனால் மாண்டேகு அதைக் கோல்ரிட்ஜிடமே சொல்லிவிட, நட்பு முறிந்தது. 1812-இல் சமரசம் ஏற்பட்டும் பழைய நெருக்கம் திரும்பவில்லை.

பிரிஸ்டல் நகரப் பதிப்பாளர் ஜோசப் காட்டில் வேறு வழியைத் தேர்ந்தார். 1814-இல் கோல்ரிட்ஜுக்கே நேராகக் கடிதம் எழுதி, கடமைகளை நினைவூட்டி இடித்துரைத்தார். தம் அறிவு தெளிவாக இருக்கிறது, பழுதுபட்டது மன உறுதியே என்பது கோல்ரிட்ஜின் மறுமொழியின் சாரம். மருத்துவர் ஒருவரின் காவலில் தம்மை வைக்கும்படியும் அவர் வேண்டினார். அபினி வாங்கவிடாமல் தடுக்க ஓர் ஆள் உடன் அமர்த்தப்பட்டதையும், அவர் கண்ணிலேயே கோல்ரிட்ஜ் மண்ணைத் தூவியதையும் காட்டில் பின்னாளில் எழுதினார்.

1816 ஏப்ரலில் லண்டனை அடுத்த ஹைகேட்டில் ஜேம்ஸ் கில்மன் என்னும் மருத்துவரின் வீட்டுக்குக் கோல்ரிட்ஜ் வந்தார். வருமுன்பே ஒரு கடிதத்தில் தம்மைக் காட்டிக்கொடுத்துக்கொண்டார்: பிறவற்றில் பொய் சொல்லாத தாம் அபினிக்காக ஏமாற்றக்கூடும், முதல் வாரம் தம்மைத் தனியே வெளியே அனுப்பக் கூடாது, வேலையாட்களுக்கும் கண்டிப்பான கட்டளை வேண்டும். ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு என்று வந்தவர், 1834 ஜூலையில் இறக்கும்வரை அக்குடும்பத்தோடு இருந்தார்.

அவர் குணமடைந்தார் என்று நாம் எழுத முடியாது. கில்மன் அளவைக் குறைத்தார். அறவே நிறுத்த இயலவில்லை. உள்ளூர் மருந்துக் கடையிலிருந்து கோல்ரிட்ஜ் இரகசியமாக வாங்கவும் செய்தார். அதற்காகக் கில்மன் தம்பதியர் அவரை வெளியேற்றிவிடவில்லை. 'பயோகிராஃபியா லிட்டரேரியா' 1817-இல் வெளிவந்ததும், அவர் பேச்சைக் கேட்க இளைஞர்கள் ஹைகேட்டைத் தேடி வந்ததும் அந்த வீட்டில் அவர் வாழ்ந்த காலத்தில்தான்.

ஆயினும் கில்மனைப் புகழ்ந்து மற்றவர்களைக் குறைகூறுவது நேர்மையாகாது. கில்மன் மருத்துவர், அபினியால் வந்த இழப்புகளோடு புதிதாக ஒரு வாழ்க்கையைத் தொடங்க வேண்டியவர் அல்லர். கோல்ரிட்ஜின் மனைவி சாராவோ பிள்ளைகளோடு கெஸ்விக்கில், தங்கை கணவரான சௌதியின் ஆதரவில் வாழ்ந்தார். கணவரைப் புரிந்துகொள்ளாதவர் என்று இலக்கிய வரலாறு அவரை நெடுங்காலம் ஏசியது. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியதே அவர் செய்யக்கூடியதாக இருந்தது. அதனை அவர் செய்தார்.

நம் வீட்டிலோ நட்பிலோ ஒருவர் போதையில் சிக்கும்போது நாமும் வேர்ட்ஸ்வொர்த்தாகிறோம், காட்டிலாகிறோம். முதுகுக்குப் பின்னால் எச்சரிக்கிறோம். முகத்துக்கு நேரே கடிகிறோம். இரண்டும் அன்பினால் வருபவையே. அவற்றால் அவர் மாறவில்லை என்பதற்காக நம் அன்பு குறைபட்டதென்று வருந்த வேண்டியதில்லை. மருத்துவரிடம் ஒப்படைப்பதும் விலகி நிற்பதும் கைவிடுவதாகிவிடாது. கில்மனைப் போல் கதவைத் திறந்துவைக்க இயன்றவர்கள் திறந்துவைக்கட்டும். இயலாதவர்கள் சாராவை நினைத்துக்கொள்ளலாம்.