ஒரே வாங்கில் அமர்ந்த கதை

அளவெட்டியிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாண நகருக்குப் படிக்க வரும் மாணவர் நால்வர், மாலைப் பொழுதில் ஒரு பீட்சாக் கடையினுள் நுழைகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய கூடம், நடுவே மேசை. வட்டமான ரொட்டியொன்று எட்டுத் துண்டுகளாக வெட்டப்பட்டு வருகின்றது. நான்கு கைகள் ஒரே தட்டை நோக்கி நீளுகின்றன. அந்தக் கைகள் எந்தக் குறிச்சியில் பிறந்தவை என்று கடைக்காரர் கேட்பதில்லை. அடுத்த மேசைக்காரர் எழுந்து போவதுமில்லை.

இதில் என்ன அதிசயம் என்று அம் மாணவர் நம்மைக் கேட்கக்கூடும். அவர்களுக்கு அது அதிசயமாகத் தோன்றாமையே ஒரு வெற்றிதான். ஆயினும் அந்த வெற்றியை ஈட்டியவர் யார் என்பதை மறந்துவிடுதல் நன்றிகெட்ட செயலாகும். ஆகவே அந்த மேசையின் சரித்திரத்தைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம்.

வலிகாமத்துச் செம்மண் கிணற்று நீரால் வாழும் மண். புகையிலையும் வெங்காயமும் மரக்கறியும் விளைந்த தோட்டங்களுக்குத் துலா மிதித்தும் பட்டையால் நீர் இறைத்தும் உழைத்தவர்களுள் பலர், பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள். பயிருக்கு அவர்கள் இறைத்த நீர் தீட்டாகவில்லை. ஆனால் தாகம் தீர்க்க அவர்களே கிணற்றில் நீர் மொண்டால் கிணறு தீட்டாகிவிடும் என்றனர்! யாரேனும் வந்து வார்க்கும் வரை இரு கைகளையும் ஏந்திக் காத்து நிற்கவேண்டும். நிலம் ஒருவர் கையிலும் உழைப்பு மற்றவர் கையிலும் இருந்த அமைப்பிலேதான் இந்தத் தீட்டு வேர்கொண்டிருந்தது. நிலமற்றவன் தலைநிமிர்ந்தால் கூலியும் குடியிருப்பும் ஒருங்கே பறிபோகும்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் புகையிரதம் வந்தது. பின்னர் பஸ் வந்தது. சந்திகளில் தேநீர்க் கடைகள் முளைத்தன. காசு கொடுப்பவர் எவரும் தேநீர் வாங்கலாம் என்பது வியாபாரத்தின் நியதி, காசுக்குச் சாதியில்லை. ஆனால் கடையின் வாங்குக்குச் சாதி இருந்தது. உயர்ந்தோர் எனப்பட்டவர் உள்ளே வாங்கில் இருந்து கிளாசிலும் பேணியிலும் குடித்தனர். ஒடுக்கப்பட்டவருக்கு வெளியே நிலம். தேநீர் போத்தலில் அல்லது தகரப் பேணியில். விலை ஒன்று, பாத்திரம் இரண்டு! நவீன வியாபாரம் பழைய தீட்டை அழிக்கவில்லை. வாடிக்கைக்காரரை இழக்க அஞ்சிய கடைக்காரர் அத் தீட்டைக் கடைக்குள்ளேயே கொணர்ந்து வைத்தனர்.

இதற்கு எதிர்ப்பு எழாமலில்லை. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றி, பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற ஸ்தாபனம், ஹண்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்களின் தலைமையில் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தது. சமபந்தி போசனத்தை நடைமுறையிற் காட்டியது. பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமரவேண்டும் என்ற சமஆசன ஏற்பாடு 1930ஆம் ஆண்டையொட்டி வந்தபோது, அதைப் பொறாதவர்கள் பள்ளிக்கூடங்களுக்கே தீ மூட்டினர். பலகை வாங்கு ஒன்றுக்காகப் பள்ளியை எரிக்கத் துணிந்த சமுதாயம் நம்முடையது என்பதை ஆசிரியர்களாகிய நாம் மறக்கலாகாது.

1940களில் உருவான சிறுபான்மைத் தமிழர் மகாசபை ஒடுக்கப்பட்டோரின் சொந்தக் குரலாயிற்று. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாக ஒருவரை உணவுக் கடை முதலிய பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் சட்டம் ஏட்டில் இருந்தது. போத்தல் கடையில் இருந்தது.

இவ்விடத்தில் உலக சரித்திரத்தின் வேறொரு பக்கத்தையும் புரட்டுவோம். பீட்சா என்பது இத்தாலிய நாட்டு நேப்பிள்ஸ் நகரின் ஏழைகளுடைய தெருவோர உணவு. பிழைப்புத் தேடிக் கப்பலேறிய இத்தாலியத் தொழிலாளர் அதனை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். 1958இல் அந்நாட்டுக் கான்சாஸ் மாநிலத்து விச்சிற்றா நகரில் சகோதரர் இருவர் சிறிய கடையொன்றைத் தொடங்கினர். அதுவே இன்று உலகெங்கும் கிளை பரப்பியுள்ள பிட்சா ஹட். அதே ஆண்டு, அதே நகரில், டொக்கம் என்ற மருந்துக் கடையின் சிற்றுண்டி மேடையில் கறுப்பின இளைஞர்களும் மாணவர்களும் சென்று அமர்ந்தனர். அம்மேடையில் இருந்து உண்ணும் உரிமை வெள்ளையருக்கு மட்டுமே இருந்தது. அவர்கள் யூலை முதல் ஓகஸ்ட் வரை வாரக்கணக்கில் அமைதியாக வந்து அமர்ந்தார்கள், கடை பணிந்தது. ஒரே நகரம், ஒரே ஆண்டு: கடையைக் கட்டியவர் ஒருவர், கடையில் அமரும் உரிமையைக் கட்டியவர் வேறொருவர். முன்னவர் பெயர் விளம்பரப் பலகைகளில் ஒளிர்கிறது. பின்னவர் பெயரைத் தேடித்தான் படிக்கவேண்டும்.

யாழ்ப்பாணத்திலும் இதுவே நேர்ந்தது. அளவெட்டியிலிருந்து சில கட்டை தூரத்திலுள்ள சுன்னாகத்திலிருந்து 1966 ஒக்டோபர் 21ஆம் நாள், இடதுசாரிகளின் தலைமையில் ஊர்வலமொன்று யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டது. பொலீசார் தாக்கினர். ஊர்வலம் கலைந்துவிடாமல் நகரை அடைந்தது. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அமைந்தது. சங்கானை முதலிய இடங்களில் தேநீர்க் கடைப் பிரவேசம் போராட்டமாக மூண்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் பலியாயின. ஒரு கிளாஸ் தேநீருக்கு உயிரா என்று சிலர் வியந்தனர். மனிதன் என்ற பெயருக்கு அவர்கள் கொடுத்த விலை அது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலும் அதே கேள்வி எழுந்தது.

இலக்கியமும் வாளாவிருக்கவில்லை. 1944இல் வில்லூன்றி மயானத்தில் பிணஞ் சுடும் உரிமைக்காக நடந்த கொலையைக் கவிதையாக்கிய அ. ந. கந்தசாமி அளவெட்டியைச் சேர்ந்தவர். தேர் வடம் தொட வந்தவன் தடுக்கப்பட்டதையும் மனிதன் திங்களை எட்டியதையும் ஒருங்கே வைத்துப் பாடிய மஹாகவியும் அவ்வூரவரே. டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ 1960இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் வந்தது. தேநீர்க் கடைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களே தமிழ் நாவலுக்குள் இடம்பிடித்து அமர்ந்தார்கள்.

இனி அந்தப் பீட்சா மேசைக்குத் திரும்புவோம். நாகரிகம் வந்தது, அதனால் சமத்துவம் வந்தது என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். அது பொய். நாகரிகமான கடைகளுக்குள்ளேதான் போத்தலும் வாழ்ந்தது. சமத்துவம் சங்கானையின் தெருப்புழுதியில் அடிபட்டு வந்தது.

அது முழுமையாகவும் வந்துவிடவில்லை. கடை மேசையில் ஒன்றாய் உண்ணும் நண்பர் நால்வரும் திருமணப் பேச்சென்று வந்ததும் நான்கு குறிச்சிகளாகப் பிரிந்துவிடுகின்றனர். பழைய வாசலில் சாதி நின்றதுபோல், புதிய வாசலில் பணம் நிற்கிறது. ஏழைகளின் பசிக்காகப் பிறந்த உணவு, தோட்டக் கூலியின் பிள்ளைக்கு எட்டாத பண்டமாகிவிட்டது. ரொட்டியை மேசைக்குக் கொணரும் இளைஞன் தன் சம்பளத்தில் குடும்பத்தோடு அங்கே வந்து உண்ண இயலுமா என்பதையும் நாம் கேட்கத்தான் வேண்டும்.

ஆசிரியர்களும் மாணவர்களும் ஒன்று செய்யலாம். வீட்டு முதியவரிடம் சென்று, “அந்த நாளில் தேநீர்க் கடையில் நீங்கள் எங்கே இருந்து குடித்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர், “உள்ளே, வாங்கில்” என்பார். மற்றொருவர், “வெளியே, மண்ணில்” என்பார். வேறொருவர் விடை கூறாமல் எழுந்து போகக்கூடும். அந்த மூன்று விடைகளையும் வகுப்பறையில் அருகருகே வைத்துப் பேசுவோம்.