கொசுவின்மேற் போட்ட பழி

நோயைக் கண்டு அஞ்சுதல் எவர்க்கும் இயல்பு. அஃது எவ்வாயிலாய் வெளிப்பட்டு எவ்வழியே நம்மை அடைகின்றது என ஆராய்தலே அறிவுடைமை. இதனை நம் நாடு பெருவிலை கொடுத்துக் கற்ற வரலாற்றை நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகின்றோம்.

1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போவைச் சூழ்ந்த பன்றிப் பண்ணைகளில் ஒரு மூளைக் காய்ச்சல் தோன்றி, விற்கப்பட்ட பன்றிகளுடன் நெகிரி செம்பிலான் வரை சென்றது. கொசுவினாற் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சலே இஃதென்று கருதிய அதிகாரிகள் புகையடித்தனர்; தடுப்பூசியும் இட்டனர். ஊசி இட்டுக்கொண்டோரும் நோயுற்றனர். ஜப்பானியக் காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைத் தாக்குவது; இதுவோ பன்றிகளோடு உழைத்த ஆடவரையே மிகுதியாகப் பற்றிற்று. பன்றிகளும் குரைப்பனபோல் இருமின.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங் புதியதொரு வைரஸைக் கண்டறிந்தார். சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயரால் அது ‘நிப்பா’ எனப்பட்டது. உயிரணுவினுட் புகுந்து பல்கிப் பெருகி, அவ்வணுவின் தோலையே போர்வையாகப் போர்த்துக்கொண்டு வெளிவரும் கள்வன் அது! பின்னர்த் தியோமான் தீவில், பழந்தின்னி வௌவாலின் சிறுநீரிலும் அது கடித்தெறிந்த கனியிலும் இக்கிருமி காணப்பட்டது. அத்தகைய கனி தொழுவத்தில் விழ, அதனை உண்ட பன்றியின் மூச்சுக்குழலிற் பெருகி, இருமலோடு வெளிப்பட்டு உழைப்பாளியை அடைந்தது என்பர் ஆராய்ச்சியாளர்.

பத்து லட்சத்திற்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்ட பின்னரே நோய் அடங்கிற்று. அதற்குள் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

நோய் எவரைப் பற்றுகின்றது, எவரை விடுகின்றது என்று உற்று நோக்குவதே முதல் மருந்து. அதனை மறந்து இடும் புகை நம் கண்ணையே மறைக்கும்.