இணை நிரலாக்கம்

ஒரு பெரிய கணக்கைப் பகுதிகளாகப் பிரித்து, பல செயலிகள் ஒரே நேரத்தில் செய்யும்படி நிரல் எழுதும் முறை இணை நிரலாக்கம். வானிலை முன்கணிப்பு, புரதங்களின் அசைவு, இறக்கையைச் சுற்றிய காற்றோட்டம் போன்ற ஆய்வுகள் இதை நம்பியே நடக்கின்றன. இதற்கான கணினித் தொகுப்புகளும் அவற்றைக் கையாளும் முறைகளும் சேர்ந்தது உயர்திறன் கணிமை.

மீக்கணினி ஒரு காலத்தில் பணக்கார ஆய்வகங்களின் உடைமை. 1994இல் நாசாவின் காடர்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் கடையில் கிடைக்கும் 16 செயலிகளை ஈதர்நெட் கம்பியால் இணைத்து, லினக்ஸில் ஓடும் பேவுல்ஃப் தொகுப்பை உருவாக்கினர். அதே ஆண்டு, செயலிகள் தமக்குள் செய்தி பரிமாறுவதற்கான எம்பிஐ தரம் வெளியானது. ஒரே நினைவகத்தைப் பகிரும் கோர்களுக்கான (செயலிக்குள் இருக்கும் கணக்கிடும் அலகுகளுக்கான) ஓப்பன்எம்பி 1997இல் வந்தது. இந்தியாவில் 1988இல் தொடங்கிய சி-டாக் நிறுவனம் 1991இல் பரம் 8000 கணினியை உருவாக்கியது. அந்த வரிசையில் வந்த ‘பரம் பொருள்’ 2022 முதல் திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் இயங்குகிறது. அதன் திறன் 838 டெராஃபிளாப்ஸ், அதாவது வினாடிக்கு 838 லட்சம் கோடி தசமக் கணக்குகள்.

கற்பவர் முதலில் பிடிக்க வேண்டியது வேகத்தை அல்ல, சார்பை. எந்தக் கணக்கு எதன் விடைக்காகக் காத்திருக்கிறது என்பது தெரியாமல் பிரித்தால் விடை தவறும். ஒரு நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு இழைகள் ஒரே கூட்டுத்தொகையில் எண் சேர்ப்பதாகக் கொள்வோம். தொகை 100. இரண்டும் அந்த 100ஐப் படிக்கின்றன. ஒன்று 5ஐச் சேர்த்து 105 என எழுதுகிறது. மற்றது 7ஐச் சேர்த்து அதன்மேல் 107 என எழுதுகிறது. 112 வர வேண்டிய இடத்தில் 5 காணாமல் போய்விட்டது. பத்து முறை ஓட்டினால் ஒன்பது முறை சரியாகவே வரக்கூடும் என்பதுதான் இந்தப் பிழையின் கொடுமை. ஓப்பன்எம்பியில் ‘ரிடக்‌ஷன்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் ஒவ்வோர் இழையும் தனக்கென ஒரு தொகை வைத்துக்கொண்டு, கடைசியில் எல்லாம் ஒன்றாகக் கூட்டப்படும்.

எம்பிஐயில் சிக்கல் வேறு. சூடேறும் உலோகத் தகட்டை 1,000 வரிசைகளாக்கி, தனித்தனி நினைவகத்தோடு ஓடும் நான்கு செயல்களுக்கு 250 வரிசை வீதம் கொடுக்கிறோம். ஒரு புள்ளியின் புதிய வெப்பநிலை அதன் நான்கு அண்டைப் புள்ளிகளின் சராசரி. ஆகவே ஓரத்து வரிசைக்குப் பக்கத்துச் செயலின் எண்கள் வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஓர வரிசைகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். எல்லாச் செயல்களும் “நீ அனுப்பு, பிறகு நான் அனுப்புகிறேன்” என்று காத்திருந்தால் எதுவும் நகராது. திரையில் பிழைச்செய்தி வராது. ஒதுக்கிய நேரம் தீர்ந்ததும் தொகுப்பில் வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்லர்ம் போன்ற மேலாளர் வேலையை நிறுத்திவிடும். வெறும் நான்கு வரிசைத் தகட்டில் ஓட்டிப் பார்த்திருந்தால் இது ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

கோர்களைக் கூட்டுவதற்கும் எல்லை உண்டு. 1967இல் ஜீன் அம்டால் முன்வைத்த வாதத்தின்படி, ஓட்டநேரத்தில் 5 விழுக்காடு பிரிக்க முடியாததாக இருந்தால் 16 கோர்களில் சுமார் 9 மடங்கு வேகமே கிடைக்கும். 64இல் சுமார் 15 மடங்கு. எத்தனை ஆயிரம் சேர்த்தாலும் 20ஐத் தாண்டாது. 1988இல் ஜான் கஸ்டாஃப்சன் இதற்கு வேறொரு கோணம் காட்டினார்: கோர்கள் கூடும்போது ஆய்வாளர் பழைய கணக்கையே வேகமாகச் செய்வதில்லை, பெரிய கணக்கை எடுத்துக்கொள்கிறார். இரண்டும் சரியே. தம்முடைய ஆய்வு எந்த வகை என்பதைக் கற்பவர் அளந்துதான் அறிய முடியும்.

அந்த அளவீட்டைத் தொடக்கத்திலேயே செய்வது நல்லது. முதலில் ஒற்றைக் கோரில் சரியான விடை தரும் நிரல்; பிறகு எந்தச் சுழற்சி நேரத்தைத் தின்கிறது என்ற கணிப்பு; அதன்பின் 1, 2, 4, 8 கோர்களில் ஓட்டி, நேரத்தையும் விடையையும் அருகருகே குறித்துவைப்பது. விடைகளின் கடைசி இலக்கங்கள் சற்று மாறலாம். கூட்டும் வரிசை மாறினால் தசம எண்களின் முழுமையாக்கமும் மாறும். முதல் சில இலக்கங்களே மாறினால் நிரலில் தவறு இருக்கிறது.