ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து

ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து, கைக்குழந்தைகளைக் கடும் வயிற்றுப்போக்கிலிருந்து காக்க வாய்வழியே புகட்டப்படுவது. இவ்வைரஸ் சிறுகுடலின் உட்பரப்புச் செல்களைச் சிதைக்கிறது. வாந்தியும் நீர்த்த பேதியும் தொடர்ந்தால் நீரிழப்பு முற்றிக் குழந்தை ஓரிரு நாளில் இறக்கவும் கூடும். தூய நீரும் கைகழுவுதலும் மட்டும் இதைத் தடுத்து நிறுத்துவதில்லை. ஆகவே தடுப்பு மருந்து இன்றியமையாதது.

கண்டுபிடிப்பும் வகைப்பாடும்: 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர், நோயுற்ற குழந்தைகளின் குடல் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து இவ்வைரஸைக் கண்டனர். மூன்றடுக்குப் புரத உறைக்குள் இதன் மரபுப்பொருள் 11 ஆர்.என்.ஏ. துண்டுகளாக உள்ளது. வெளியுறையின் இரு புரதங்களைக் கொண்டு இது ஜி, பி என இருவழியில் வகைப்படுத்தப்படுகிறது. இரு வைரஸ்கள் ஒரே செல்லில் புகுந்தால் துண்டுகள் இடம்மாறிக் கலப்பு வைரஸ் தோன்றும். பல தடுப்பு மருந்துகளுக்கு இப்பண்பே அடிப்படை.

முதல் மருந்துகள்: 1998இல் அமெரிக்காவில் ரோட்டாஷீல்டு அனுமதி பெற்றது. குடலின் ஒரு பகுதி மற்றொன்றுக்குள் நுழைந்துகொள்ளும் குடல் செருகல் சில குழந்தைகளுக்கு ஏற்பட்டதால் 1999இல் திரும்பப் பெறப்பட்டது. பின்வந்த ரோட்டாரிக்ஸ், ரோட்டாடெக் இரண்டும் தனித்தனியே 60,000க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டன. இவற்றாலும் குடல் செருகல் மிக அரிதாக நேரலாம். காக்கப்படும் உயிர்களோ பன்மடங்கு அதிகம். 2009இல் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்கும் இம்மருந்தைப் பரிந்துரைத்தது.

இந்திய மருந்து: 1980களில் தில்லி எய்ம்ஸில் பிறந்த சில சிசுக்களிடம், நோய்க்குறி ஏதுமின்றி ரோட்டா வைரஸ் தொற்று காணப்பட்டது. அவர்களுக்குப் பின்னாளில் கடும் ரோட்டா வயிற்றுப்போக்கு வருவது குறைந்தது. அச்சிசுக்களிடமிருந்து மருத்துவர் எம். கே. பான் குழுவினர் பிரித்தெடுத்த 116ஈ என்ற வைரஸ், மனித, மாட்டு வைரஸ்களின் இயற்கைக் கலப்பு. ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் அதிலிருந்து ரோட்டாவாக்கை உருவாக்கியது. தில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், முதலாண்டில் கடும் ரோட்டா நோய் பாதிக்கும் மேல் குறைந்தது. வேலூர் ஆய்வில் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ககன்தீப் காங் முக்கியப் பங்காற்றினார். ஏழை நாடுகளுக்கும் எட்டும் விலையில் கிடைத்தது இதன் பெருஞ்சாதனை.

இன்று: ரோட்டா தடுப்பு மருந்து தரும் அரசுத் திட்டம் 2016இல் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2017இல் தமிழ்நாட்டுக்கும், 2019இல் நாடு முழுமைக்கும் வந்தது. குழந்தையின் 6, 10, 14ஆம் வாரங்களில் இம்மருந்து இலவசமாகத் தரப்படுகிறது. பிற கிருமிகளால் வரும் வயிற்றுப்போக்கை இது தடுக்காது. அதற்குத் தாய்ப்பாலும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாக மாத்திரையும் தேவை.