ஓவியத்தில் ஒளிந்த உழவன்

ஓடையிலே குதிரை பூட்டிய வண்டி, கரையிலே குடில், வானிலே வெண்முகில், எங்கணும் அமைதி! ஜான் கான்ஸ்டபிள் 1821-இல் இலண்டனில் காட்சிக்கு வைத்த 'வைக்கோல் வண்டி' ஓவியம் இது. 1824-இல் பாரிசு நகரம் அதற்குத் தங்கப் பதக்கம் தந்தது.

புல் அறுக்கும் கூலிகள் எங்கே? இருக்கிறார்கள், நெடுந்தொலைவிலே, புள்ளி புள்ளியாக! முகம் இல்லை, எனவே முகத்தில் வாட்டமும் இல்லை. ஓவியர் ஆலை முதலாளியின் மைந்தர். தூரிகை எந்தப் பக்கம் நின்று பார்த்தது என்பதில் வியப்பென்ன? ஓவியம் தீட்டிய மறு ஆண்டே, ஊர்ப்புறத்தில் இரவுதோறும் தீ எரிவதாக அவருடைய உடன்பிறந்தார் கலங்கினார். போர் முடிந்து கூலி சரிந்தது. பொதுநிலம் வேலிக்குள் போயிற்று. குளிர்காலப் பிழைப்பான கதிரடிப்பை எந்திரம் பறித்தது. 1830-இல் தென் இங்கிலாந்து உழவர் கொதித்தெழுந்து எந்திரங்களை நொறுக்கினர். தூக்கிலே தொங்கியோர் 19 பேர். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டோர் ஏறத்தாழ 500 பேர்.

அதே 1830 நவம்பரில், ஆங்கில அதிகாரி சார்லஸ் மெட்காஃப் இந்தியச் சிற்றூரைச் சொல்லால் ஓவியமாக்கினார். ஒவ்வோர் ஊரும் ஒரு குட்டிக் குடியரசாம்! அரசுகள் கவிழினும் அது கலையாதாம்! தாய்நாட்டுச் சிற்றூர் பற்றி எரிகையில் தமக்கு அயலான சிற்றூரில் அமைதி காண்பது எவ்வளவு வசதி! பின்னர் வந்த தேசியவாதிகளும் இக்கனவைத் தலைமேல் வைத்துப் போற்றினர்.

தமிழகத்துக் 'குடியரசின்' கோலம் என்ன? படியாளை நிலத்தோடும் தனியாகவும் விற்றனர், அடகு வைத்தனர். 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை உரிமையை ஏற்க மறுத்தது. கடன் சீட்டு அவ்விடத்தில் அமர்ந்தது. 1876 முதல் 1878 வரை பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியபோது, ஹூப்பர் என்னும் படை அதிகாரியின் ஒளிப்படக் கருவி எலும்புக் கூடுகளைக் காட்டிற்று. தூரிகை மழுப்பலாம், ஒளிப்படத்தில் விலா எலும்பை எண்ணலாம். 1891-இல் செங்கற்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர், குடியிருக்கும் மனைகூடச் சேரி மக்களுக்குச் சொந்தமில்லை, எதிர்த்தால் வெளியேற்றம் என்று எழுதினார். அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை 1892 செப்டம்பரில் பிறந்தது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அதன் பிறப்பு இதுதான்.

செங்கற்பட்டை அடுத்தது திண்டிவனம். அதற்கப்பால் செஞ்சி, எங்கள் அனந்தபுரம். இப்பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் 'எங்கள் ஊர்' வரையச் சொன்னால், இரு மலை, நடுவே கதிரவன், குடிசை, தென்னை வரும். சேரி வருவதில்லை, அங்கிருந்து வரும் பிள்ளை வரைந்தாலும்!

மெட்காஃபின் பெயரையே சுட்டி, அந்தக் கனவை 1948 நவம்பர் 4-இல் அரசியல் நிர்ணய அவையில் கிழித்தெறிந்தார் அம்பேத்கர். சிற்றூரை அறியாமையின் இருப்பிடம் என்றார், தனிமனிதனையே அடிப்படை அலகாகக் கொண்டதற்கு மகிழ்ந்தார். மூன்று வாரம் செல்லவில்லை, கிராமப் பஞ்சாயத்தை வழிகாட்டு நெறிகளில் சேர்க்கும் திருத்தத்தைச் சந்தானம் கொண்டுவந்தார், அவை ஏற்றது.