சிறுவயல் வளரியின் வேகம்

காரைக்குடிக்கு அருகேயுள்ள சிறுவயலில் சின்ன மருது வாழ்ந்த நாளில், கும்பினிப் படையின் இளம் அதிகாரியான ஜேம்ஸ் வெல்ஷ் 1795-ஆம் ஆண்டு அவருடன் நட்புப் பூண்டு, ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவரிடமே கற்றுக்கொண்டார் என்பதும், ஆறே ஆண்டுகளில் அந்த நண்பரை எதிர்த்து வந்த சேனையில் அவரும் ஒருவராக நின்றார் என்பதும் சிவகங்கைச் சீமையின் சரித்திரத்தில் நெஞ்சை உருக்கும் அத்தியாயமாகும். 1830-இல் வெளிவந்த தம் ராணுவ நினைவுகளில் வெல்ஷ் வளரியைப் பற்றிச் சொல்வது சொற்பமே: கைதேர்ந்தவன் வீசினால் நூறு கெஜத்துக்கு உட்பட்ட எத்தூரத்திலும் அது குறி தவறாது என்கிறார். எதிர்த்தரப்பில் நின்றவர், அதுவும் தம் கையாலேயே அதை வீசிப் பழகியவர், எழுதிய வாக்குமூலம் ஆதலால் அந்த எண்ணுக்கு நான் பெருமதிப்புத் தருகிறேன்.

வளரி என்பது பிறைச்சந்திரன் போல் வளைந்த ஆயுதம். வைரம் பாய்ந்த மரத்தாலும் சிற்சில சமயம் இரும்பாலும் செய்யப்படுவது. அதன் ஒரு முனை கனத்திருக்கும். இலேசான முனையைப் பற்றித் தோளுக்கு மேல் சிலமுறை சுழற்றி, அந்த வேகம் அடங்குமுன் விட்டெறிவார்கள்.

எறிந்த பொருளின் பாதை ஒரு பரவளைவு என்றும், நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் எறிந்தால்தான் அது அதிக தூரம் போகும் என்றும் 1638-இல் கலிலியோ நிரூபித்துவிட்டார். அந்தச் சாய்வில், வேகத்தை அதனாலேயே பெருக்கிப் பூமியின் ஆகர்ஷணத்துக்குரிய 32-ஆல் வகுத்தால் தூரம் கிடைக்கும். ஆகவே நூறு கெஜமாகிய 300 அடியை 32-ஆல் பெருக்கி வர்க்கமூலம் கண்டால், விநாடிக்கு ஏறக்குறைய 98 அடி, அதாவது மணிக்கு 107 கிலோமீட்டர் என்று வருகிறது. காற்றின் செய்கையை நீக்கிப் பார்த்தால் அத்தூரத்துக்கு இதுவே மிகக் குறைந்த வேகம். ஆனால் அவ்வாறு எறிந்த ஆயுதம் 75 அடி உயரம் ஏறி, நாலேகால் விநாடிக்குப் பின்னரே தரை தொடும். ஓடுகிற மனிதனோ குதிரையோ அதற்குள் இடம் மாறிவிடும். குறி தப்பாமல் அடிக்கிறவன் தாழ்வாகவே வீசியிருக்க வேண்டும். இருபது பாகைச் சாய்வில் அதே தூரத்தை எட்ட விநாடிக்கு 122 அடி வேகம் வேண்டும். உயரம் 27 அடியாகக் குறையும். பயணம் இரண்டரை விநாடிக்குச் சற்று மேலேதான். மருதுவின் தோள்வலி இந்த இரண்டாவது கணக்கை ஒட்டியது என்பதே என் துணிபு.

இக்கணிதம் உருண்டைக் கல்லுக்குப் பொருந்துமளவு வளரிக்குப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். சுழன்று செல்லும் தட்டையான தண்டைக் காற்று தடுக்கவும் செய்யும், தாங்கவும் செய்யும்.

1801 அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பரில் கும்பினியார் ஆயுதங்களுக்கே தடை விதித்தனர். இனவியலாளர் எட்கார் தர்ஸ்டன் 1909-இல் எழுதும்போது, புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் வளரி முயல் வேட்டைக்கு எப்போதாவது பயன்பட்டதே தவிர, அதில் வல்லவர் எவரும் எஞ்சவில்லை; அந்த வீச்சின் நேரத்தை அளந்தறியவும் வழியில்லாமல் போயிற்று. பந்தை உதைத்துப் பார்க்கும் பள்ளி மாணவன் அது விழுந்த தூரத்தோடு பறந்த நேரத்தையும் குறித்துக்கொண்டால், தூரத்தை நேரத்தால் வகுத்துக் கிடைவேகத்தையும், நேரத்தை 32-இல் பாதியான பதினாறால் பெருக்கி மேல்நோக்கிய வேகத்தையும் அறிந்து, சாய்வை ஊகிக்க வேண்டிய அவசியமே இன்றிக் கணக்கை முடித்துவிடலாம். வெல்ஷ் தூரத்தை மட்டுமே எழுதி வைத்தார்.